திரையோரத்தில் இரண்டு காற்று: தென்கடலுக்கு ஒன்று, வடகடலுக்கு ஒன்று

மண்டபத்தில் நின்றால் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஒரே நாளில் ஒரு பக்கம் துள்ளும், மறுபக்கம் குளம்போலக் கிடக்கும். தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் இங்கே சும்மா பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் போனிலோ கணினியிலோ 'ராமநாதபுரம் வானிலை' என்று தேடினால் கிடைப்பது, கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரின் வெயில் அளவு. கடலுக்குப் போகிறவருக்கும், கரையில் ஐஸ் உடைத்து வண்டி பிடித்துக் காத்திருப்பவருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்ட கணினியில், கீழே ஓடும் பட்டையிலேயே இரண்டு கடலின் காற்று வேகமும் திசையும் எப்போதும் தெரியும்படி செய்யலாம். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். அரை மணி நேரம் போதும். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு சொல் மாறலாம்.

மின்ட் இல்லாதவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பரணுக்குப் போகவிருந்த கணினிகள் பல வீடுகளிலும் கம்பெனிகளிலும் இருக்கின்றன. இந்த வேலைக்கு அவை தாராளம். 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 இருந்தால் நிம்மதி. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, மின்ட் தளத்தில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கி, விண்டோஸில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதில் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது முழுக்க அழிந்துவிடும். கல்யாணப் படங்கள் இருந்தால் முதலிலேயே நகலெடுத்துவிடுங்கள்.

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, திரும்பப் போட்டவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஸ்கேப் அல்லது எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திறக்கும். எதையும் நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது செய்கிற அமைப்புகள் அணைத்ததும் போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வைஃபை பிடிக்கவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும், நெட் வந்துவிடும்.

கணினி திரையே காட்டாமல் பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் ரேம்தான் காரணம். உப்புக் காற்றில் அதன் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகுங்கள்.

பட்டையில் சேர்ப்பது

பட்டையின் காலி இடத்தில் வலது கிளிக், பேனல், ஆட் நியூ ஐட்டம்ஸ். வரும் பட்டியலில் 'வெதர் அப்டேட்' என்பதைத் தேர்ந்து ஆட் செய்யுங்கள். இரண்டாம் முறையும் ஆட் செய்யுங்கள்; தவறில்லை, ஒரே பட்டையில் அது எத்தனை முறை வேண்டுமானாலும் இருக்கலாம். நமக்கு இரண்டு வேண்டும். பட்டியலில் அந்தப் பெயரே இல்லையா? மெனுவில் சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவும் கருவியைத் திறந்து ஆங்கிலத்தில் 'வெதர் பிளகின்' என்று தேடி, எக்ஸ்எஃப்சிஇ4 என்று தொடங்கும் பெயரை நிறுவிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

சேர்த்த உடனே அது தானாக ஓர் ஊரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். உங்கள் இணைய முகவரியை வைத்து ஊரை ஊகிப்பதால், பாம்பனில் உட்கார்ந்திருந்தாலும் இணைய நிறுவனத்தின் வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரைக் காட்டக்கூடும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

எந்த இடத்தைக் கொடுப்பது

இந்த வேலையில் முக்கால் பங்கு பிழை இங்கேதான் நடக்கும், ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

இப்படிச் சேர்த்ததும் பட்டையில் இரண்டு சிறு வானிலைப் படங்கள் நிற்கும். முதல் படத்தின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன் தாவல். சேஞ்ச் பொத்தானை அழுத்தி 'பாம்பன்' என்று தேடினால் ஊர் கிடைக்கும். ஆனால் கரையில் ஒரு புள்ளியைக் கொடுத்தால் கிடைப்பது கரைக்காற்று. வீடும் பனையும் உடைமரமும் தடுத்து அது மெலிந்திருக்கும். கணிப்புக் கணக்கிலும் தரைக்கட்டத்துக்குக் காற்று குறைவாகவே வரும். அதனால் ஊரைத் தேடாமல் கடலுக்குள்ளேயே ஒரு புள்ளியை நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள்.

தென்கடலுக்கு: லாட்டிட்யூட் (அட்சரேகை) 9.10, லாங்கிட்யூட் (தீர்க்கரேகை) 79.10. மண்டபத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கி.மீ., தீவுகளைத் தாண்டிய இடம்.
வடகடலுக்கு (இரண்டாம் படத்தில்): லாட்டிட்யூட் 9.45, லாங்கிட்யூட் 79.10. மண்டபத்துக்கு வடக்கே ஏறக்குறைய 19 கி.மீ.

இரண்டிலும் ஆல்டிட்யூட் 0, டைம்ஸோன் ஏஷியா/கொல்கத்தா. பெயர்க் கட்டத்தில் 'தென்கடல்', 'வடகடல்' என்று தமிழிலேயே எழுதலாம். தொண்டியில் இருப்பவருக்கும் கீழக்கரையில் இருப்பவருக்கும் புள்ளி வேறு. அட்சரேகையில் 0.1 என்பது சுமார் 11 கி.மீ. என்ற கணக்கை வைத்துக்கொண்டு நகர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கி.மீ. வித்தியாசத்தில் தனித்தனிப் புள்ளிகள் வைப்பதில் லாபமில்லை. கணிப்பின் கட்டங்களே அதைவிட அகலம், இரண்டிலும் ஒரே எண்தான் வரும்.

படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து எண்ணை எடுக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கருவி பெரும்பாலும் பாகையும் நிமிடமுமாகக் காட்டும். மின்ட் கேட்பது தசமம். கருவியில் 9 பாகை 27 நிமிடம் என்றால் தசமத்தில் 9.27 அல்ல, 9.45. நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும்: 27 ÷ 60 = 0.45. அப்படியே 9.27 என்று போட்டால் வடகடலுக்கு நடுவில் இருக்க வேண்டிய புள்ளி மண்டபத்தின் கரையோரத்தில் வந்து விழும். எண் எதுவும் தப்பாகத் தெரியாது, காற்று மட்டும் எப்போதும் குறைவாகக் காட்டும். கண்டுபிடிக்க அதிகம் திணறவைக்கும் பிழை இதுதான்.

இன்னொன்று, இரண்டு எண்ணையும் இடம் மாற்றிப் போடுவது. 79 பாகை வடக்கு, 9 பாகை கிழக்கு என்றால் ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே உள்ள கடல். பட்டையில் வரும் தரவே நார்வே வானிலை நிறுவனம் இலவசமாகத் தருவது. நாம் அதை அவர்கள் வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறோம். சித்திரை வெயிலில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம், காரணம் இதுவே.

அலகு: நாட் வேண்டாம்

அடுத்த தாவல் யூனிட்ஸ். காற்று வேகத்துக்கு நாட் என்ற தேர்வும் இருக்கிறது. கடல் என்றதும் கை அங்கேதான் போகும். எங்கள் பரிந்துரை மணிக்குக் கி.மீ. வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில், இடையிடையே 65 கி.மீ.' என்ற நடையில்தான் வானொலியிலும் டிவியிலும் வருகிறது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும் என்பதும் இந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒரே அலகில் இருந்தால் நடுவில் பெருக்கல் தேவையில்லை. நாட்தான் பழக்கம் என்பவர்கள் 1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டையில் தெரியும் வேகம் சராசரி. இடையிடையே வெடிக்கும் வீச்சை அது சொல்லாது. அதனால் எச்சரிக்கையோடு ஒப்பிடும்போது '45 முதல் 55' என்ற பகுதியோடு ஒப்பிடுங்கள், 65-ஓடு அல்ல. பட்டையில் 40 என்று கண்டால் கடலில் அவ்வப்போது அதற்கு மேலும் அடிக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெரியவேண்டியதை மட்டும் தெரியவைப்பது

ஸ்க்ரோல்பாக்ஸ் தாவலுக்குப் போங்கள். ஷோ ஸ்க்ரோல்பாக்ஸ் ஆன். கீழே உள்ள பட்டியலில் இருக்கும் வெப்பநிலை முதலானவற்றை ரிமூவ் செய்துவிட்டு, விண்ட் ஸ்பீட், விண்ட் டைரக்‌ஷன் இரண்டை மட்டும் ஆட் செய்யுங்கள். லைன்ஸ் என்ற இடத்தில் 2. இதை 1-ல் விட்டால் வேகமும் திசையும் மாறி மாறி உருண்டு வரும். பார்க்கிற நேரத்தில் வேண்டியது இருக்காது. இரண்டு வரி நசுங்கித் தெரிந்தால் பட்டையில் வலது கிளிக், பேனல், பேனல் பிரிஃபரன்சஸ் போய் ரோ சைஸை 40 பிக்சல் அளவுக்குக் கூட்டுங்கள்.

நாம் எழுதிய பெயர் பட்டையில் தெரியாது, எலியின் முனையை மேலே வைத்தால்தான் வரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது எது எந்தக் கடல் என்று குழப்பம் வரும். அதே தாவலில் எழுத்தின் நிறத்தை மாற்றும் பொத்தான் இருக்கிறது. வடகடலுக்கு ஒரு நிறம், தென்கடலுக்கு வேறு நிறம் கொடுங்கள். பட்டை கறுப்பாக இருந்தால் கருநீலம் தேர்ந்தெடுக்காதீர்கள், கண்ணுக்கே தெரியாது.

திசை ஆங்கில எழுத்தில் வரும்: எஸ்டபிள்யூ என்றால் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, தென்மேற்கை நோக்கிப் போகிற காற்று அல்ல. நம் பெயர்களும் அப்படியே, வருகிற திசையை வைத்துத்தான். மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம். ஊருக்கு ஊர் கொஞ்சம் நகரும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் ஓங்கினால் தென்கடலின் எண் பெரிதாகவும், ஐப்பசி தாண்டி வாடை வந்ததும் வடகடலின் எண் பெரிதாகவும் நிற்பதைப் பட்டையிலேயே பார்க்கலாம்.

படத்தை இடது கிளிக் செய்தால் வரும் நாட்களின் கணிப்பு, காலை, பிற்பகல், மாலை, இரவு என்று பிரிந்து வரும். முதல் இரண்டு மூன்று நாளைப் பாருங்கள். அதற்கப்பால் உள்ளதை வைத்து ஐஸுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

'நோ டேட்டா' என்று வந்தால்

முதலில் நெட் இருக்கிறதா என்று பிரவுசரில் பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால் திரையின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டின் நாணய பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட், செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, சர்வர் இணைப்பு முறிந்துவிடும். நெட் வந்து சற்று நேரத்தில் மின்ட் தானே நேரத்தைச் சரிசெய்யும். அதன்பின் படத்தில் வலது கிளிக் செய்து ரிஃப்ரெஷ் கொடுங்கள். நிரந்தரத் தீர்வு பேட்டரியை மாற்றுவதே. எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

தேதியும் சரி, நெட்டும் சரி என்றால் செருகு மென்பொருள் பழைய பதிப்பாக இருக்கும். நார்வே சர்வர் தரவு கொடுக்கும் வழியை மாற்றியபோது பழைய பதிப்புகள் நின்றுபோயின. அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். மின்ட் 20-லேயே இருப்பவர்கள் புதிய மின்டுக்குப் போவதே வழி.

லேப்டாப்பை மூடித் திறந்த உடனே தெரிவது பழைய எண்ணாக இருக்கலாம். படத்தின் மேல் எலியின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் புதிதாக இறங்கும்.

பட்டை சொல்லாதது

காற்று மட்டுமே கடல் இல்லை. கள்ளக்கடல் வரும்போது இங்கே இலைகூட ஆடாது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து கரையில் ஏறும். பட்டையில் 10 கி.மீ. என்று நல்லபிள்ளையாக நிற்கும். அலை உயரத்துக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கைக்கும் ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் என்ற கடல் தகவல் சேவை மையத்தின் தளத்தைத்தான் பார்க்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏறியிருந்தாலோ, மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காவிட்டாலோ, பட்டை என்ன காட்டினாலும் அது கணக்கில்லை.

மின்டின் மெனுவில் 'வெப் ஆப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதில் கூட்டல் குறியை அழுத்தி, பெயராக 'அலை', முகவரியாக இன்காயிஸ் டாட் கவ் டாட் இன் என்று ஆங்கிலத்தில் கொடுத்து ஓகே செய்தால், தளம் தனி மென்பொருள்போல மெனுவில் உட்கார்ந்துகொள்ளும். அதேபோல் எர்த் டாட் நல்ஸ்கூல் டாட் நெட் என்ற தளத்தையும் சேர்த்துவையுங்கள். உலகக் காற்று முழுவதும் கோடு கோடாக ஓடும் உருண்டை அது. வேடிக்கைக்குத் திறந்தவர்கள் அரை மணி நேரம் கழித்துத்தான் மூடுவார்கள். பழைய கணினியில் விசிறி இரையும், அதனால் பார்த்ததும் மூடிவிடுங்கள்.

அதில் உருட்டிப் பெரிதாக்கி மண்டபத்துக்குத் தெற்கே ஒரு கிளிக் செய்தால் இடத்தின் எண்ணும் காற்றும் மூலையில் வரும். 225 பாகை என்று வந்தால் தென்மேற்கிலிருந்து என்று பொருள். ஆனால் திரையில் கோடுகள் வடகிழக்கை நோக்கி ஓடும், ஏனெனில் அவை காற்று போகும் பக்கத்தைக் காட்டுகின்றன. பட்டையோடு ஒப்பிடும்போது எண்ணைப் பாருங்கள், ஓட்டத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு இடத்து வேகமும் ஐந்தாறு கி.மீ. வேறுபட்டால் பயப்பட ஒன்றுமில்லை: பட்டைக்குத் தரவு நார்வேயிலிருந்து, உருண்டைக்கு அமெரிக்காவின் கணிப்பிலிருந்து.