ஆஸ்பென் காட்டின் பொன்னிறத்தைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கு, இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகும் ஆஸ்பென் மரங்களைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு தவறு செய்துவிடுகிறார்கள். ஒரே தேதி, ஒரே இடம் என்று முடிவு செய்து விடுதி எடுத்துவிடுகிறார்கள். மாநிலத்தின் வடக்கில் செப்டம்பர் நடுவிலேயே நிறம் ஏறிவிடும். தெற்கே சான் வான் மலைகளில் செப்டம்பர் கடைசியோ அக்டோபர் முதல் வாரமோ ஆகும். ஒரே மலையிலும் உச்சிப் பக்கம் முதலில் மாறி, நிறம் மெல்லக் கீழே இறங்கும். ஒரு தோப்பு முழுப் பொன்னாக நிற்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். அதற்குள் ஓர் இரவு பலமாகக் காற்றடித்தாலோ பனி விழுந்தாலோ காலையில் கிளைகள் மொட்டையாக நிற்கும். அதனால் கையில் நான்கைந்து நாளாவது வேண்டும். எடுத்துக்காட்டாக, கொலராடோவின் கெப்லர் கணவாய் ஏறக்குறைய 3,050 மீட்டரில் இருக்கிறது. அங்கே இலை கொட்டிவிட்டால் வருத்தப்பட்டுக்கொண்டு நிற்காமல் வண்டியைக் கீழே இறக்குங்கள். முந்நூறு, நானூறு மீட்டர் தாழ்வில் இன்னும் பொன்னாக நிற்கும் தோப்பு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்த தவறு, பச்சையைப் பார்த்ததும் "இன்னும் மாறவில்லை" என்று திரும்பிப் போவது. ஆஸ்பென் பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை, வேரால்தான் பரவுகிறது. ஒரே வேரிலிருந்து நூற்றுக்கணக்கான தண்டுகள் கிளம்பும். பார்வைக்குத் தோப்பு, உள்ளே ஒரே உயிர். பக்கத்து மாநிலமான யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசியக் காட்டில் உள்ள பாண்டோ என்ற ஆஸ்பென் தோப்பில் ஏறக்குறைய 47,000 தண்டுகள், 43 ஹெக்டேர் பரப்பில், ஒரே மரமாக நிற்கின்றன. ஒரே வேரைச் சேர்ந்தவை ஒன்றாகத் துளிர்க்கும், ஒன்றாகப் பழுக்கும். பக்கத்து வேர்க்கூட்டம் அதற்கென்று ஒரு நாள் வைத்திருக்கும். மலைச்சரிவில் எலுமிச்சை மஞ்சளும் பச்சையும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்பது இதனால்தான். படம் எடுக்கவும் அந்த எல்லைக்கோடுதான் அருமையான இடம். சில கூட்டங்கள் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறுவதும் பிறவிக் குணம். அந்த ஆண்டு வெயிலும் குளிர்ந்த இரவுகளும் அதைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும்.

இனி கேமரா. கீழே விழுந்து கிடக்கும் ஓர் இலையை எடுத்து அதன் காம்பை இரு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருளாது. காம்பு பட்டையாக, இலைப் பரப்புக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். மூச்சுவிடும் அளவு காற்று போதும், காடே சலசலக்கும். கண்ணுக்குக் காற்றே இல்லாததுபோல் தெரிந்தாலும் 1/60 நொடியில் எடுத்த படத்தில் இலைகள் பிசிறடிப்பதற்குக் காரணம் இதுதான். இலை கூர்மையாக வேண்டுமென்றால் 1/500 வையுங்கள், அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றத் தயங்க வேண்டாம். அசைவுதான் வேண்டுமென்றால் முக்காலியில் அரை நொடி முதல் ஒரு நொடி வரை. தண்டு அசையாமல் நிற்க, இலை மட்டும் மஞ்சள் புகையாகும். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் படம் தவறிப்போனது மாதிரியே இருக்கும்.

நிறம் கெடுவது வேறு காரணத்தால். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், இவ்வளவு மஞ்சளையும் குறையாக நினைத்துத் திருத்தப் பார்க்கும். அதைப் பகல் ஒளி (டேலைட்) அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். மஞ்சள் இலையில் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு அலைவரிசை. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாகத் தெரியும்போதே இலை நரம்புகள் மறைந்து பிளாஸ்டிக் போலாகிவிடும். மூன்று நிறங்களும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (கேமராவின் ஒளி அளவு) குறைத்து எடுங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி இலைப் பளபளப்பை நீக்கி நிறத்தை வெளிக்கொண்டுவரும். ஆனால் 24 மில்லிமீட்டரும் அதற்கு அகலமான லென்ஸும் போட்டு வானத்தையும் சேர்த்தால், வானத்தின் ஒரு பக்கம் மட்டும் திட்டாகக் கறுத்துவிடும்.

சூரியனை முதுகில் வைத்து எடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஆஸ்பென் இலை மெல்லியது, பின்னாலிருந்து வரும் வெயில் அதை விளக்குபோல் ஏற்றிக் காட்டும். மேகமூட்டமான நாளும் நல்ல நாளே, வெளிறிய வானத்தை மட்டும் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

எங்களுக்கு மனம் பொறுக்காத தவறு ஒன்று உண்டு. அது பட்டையில் பெயர் செதுக்குவது. பலர் இதை பிர்ச் என்ற வேறொரு வெள்ளைப் பட்டை மரம் என்றே நினைக்கிறார்கள். பிர்ச் பட்டை தாள்போல் உரியும், இது உரியாது. கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். அந்தப் பொடிக்குக் கீழே பச்சையம் இருக்கிறது, இலை இல்லாத காலத்தில் பட்டையே கொஞ்சம் உணவு தயாரிக்கும். இவ்வளவு மெல்லிய தோலில் கத்தி பட்டால் காயம் வழியாகப் பூஞ்சை நுழைந்து பட்டைப்புண் நோய் வரும், தண்டு சிறுகச் சிறுகச் சாகும். பட்டையில் கண்கள்போல் தெரியும் கரும் தழும்புகள் வேறு, அவை மரம் தானே உதிர்த்த கிளைகளின் தடம். அதேபோல் தரையில் முழங்கால் உயரத்தில் நிற்கும் கன்றுகளைப் புதர் என்று நினைத்து மிதிக்காதீர்கள். வேரிலிருந்து வரும் அடுத்த தலைமுறை அது. மான்கள் இந்தக் கன்றுகளை மேய்ந்துவிடுவதால்தான் பாண்டோவே நலிந்து வருகிறது.

கொலராடோவின் புகழ்பெற்ற இரட்டைச் சிகரங்களான மரூன் பெல்ஸுக்கு முன்பதிவு இல்லாமல் கிளம்ப வேண்டாம், வழியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உயரம் காரணமாக முதல் நாளே தலைவலி வரலாம். ஒரு நாள் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இலை மாறும் இதே வாரங்களில்தான் எல்க் மான்களின் இணைசேரும் பருவமும். ஆண் மான் எந்த நொடியும் பாயக்கூடும். ராக்கி மலை தேசியப் பூங்காவின் விதிப்படி எல்க்கிடமிருந்து 75 அடியாவது, மூஸ் என்ற பெரிய மானிடமிருந்து 120 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். நீங்கள் நகரும்போது மான் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால், அதற்குள்ளேயே நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள்.