சர்வர் மாற்றிய பிறகு நெட்வொர்க் இல்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய மெய்நிகர் இயந்திரம் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) புதிய சர்வரில் எழுந்துவிட்டது. கன்சோலில் உள்நுழைய முடிகிறது, கோப்புகள் அப்படியே இருக்கின்றன, சேவைகள் ஓடுகின்றன. ஆனால் வெளியிலிருந்து ஒருவராலும் அதை எட்ட முடியவில்லை. பயனர்களின் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. அந்த முதல் அரை மணி நேரத்தில் பதற்றத்தில் செய்கிற காரியங்கள், பல சமயம், மூலப் பழுதைவிடப் பெரிய பழுதை உண்டாக்கிவிடுகின்றன.

பல இடமாற்றங்களைச் செய்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. இந்தச் சமயத்தில் எதுவும் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். ஏதோ ஓரிடம் பழைய சர்வரை இன்னும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. அது இயந்திரத்துக்குள் இருக்கும் அமைவுக் கோப்பாக இருக்கலாம். கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச், வெளி நெட்வொர்க்குக்கு வாசலான கேட்வே, பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் பதிவு என எதுவாகவும் இருக்கலாம். பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தால் விடிந்துவிடும்.

பார்ப்பதற்கு முன் கைவைப்பது

முதல் தவறு இதுதான். எதையும் மாற்றுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கன்சோலில் பார்த்து எழுதி வையுங்கள்: நெட்வொர்க் அட்டையின் பெயரும் நிலையும், அதிலுள்ள ஐபி முகவரி, வழித்தட அட்டவணை, கேட்வேயின் மேக் முகவரி (அட்டையின் வன்பொருள் முகவரி) ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியலில்) வந்திருக்கிறதா என்பது. இரண்டு நிமிட வேலை. கேட்வேயின் மேக் முகவரி வந்திருந்தால், இயந்திரத்துக்கும் கேட்வேக்கும் இடையிலான வழி சரியாக இருக்கிறது என்று பொருள். சிக்கலை அதற்கு மேலே தேட வேண்டும். வரவில்லை என்றால் ஃபயர்வால் விதிகளையும் டிஎன்எஸ்ஸையும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். கீழ் அடுக்கில்தான் ஏதோ அறுந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்யும் ஆபத்தான காரியம், 'ஃபயர்வாலாக இருக்குமோ' என்று லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் விதிகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அழிப்பது. விதிகள் அழியும், எந்த விதியிலும் சேராத பாக்கெட்டை என்ன செய்வது என்ற இயல்புக் கொள்கை அழியாது. உள்வரும் போக்குவரத்துக்கான இயல்புக் கொள்கை 'மறு' என்று இருந்தால், அனுமதித்த விதிகள் மட்டும் போய், மறுப்பு அப்படியே நிற்கும். தொலைவிலிருந்து உள்நுழைந்திருந்தவர் அந்த நொடியிலேயே வெளியே தள்ளப்படுவார்.

அட்டையின் பெயர் மாறியதைக் கவனிக்காமல் விடுவது

லினக்ஸ் இயந்திரங்களில் நான் மிக அதிகமாகப் பார்த்த காரணம் இது. 2013 முதல், லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி, நெட்வொர்க் அட்டைக்கு அது செருகப்பட்டிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டுகிறது. விஎம்வேர், கேவிஎம், பிராக்ஸ்மாக்ஸ் எல்லாம் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்கள். விஎம்வேரில் ஈஎன்எஸ்192 என்று இருந்த அட்டை, கேவிஎம்முக்கு வந்ததும் ஈஎன்பி1எஸ்0 என்று ஆகிவிடலாம். பிராக்ஸ்மாக்ஸில் ஈஎன்எஸ்18 ஆகலாம். அமைவுக் கோப்போ இன்னும் ஈஎன்எஸ்192-க்குத்தான் ஐபி முகவரியை எழுதி வைத்திருக்கிறது. இல்லாத அட்டைக்கு முகவரி இருக்கிறது, இருக்கும் அட்டைக்கு முகவரி இல்லை. பழைய விநியோகங்களில் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கும்: சாதனங்களுக்குப் பெயர் சூட்டும் யூடெவ் விதிக் கோப்பு பழைய மேக் முகவரிக்கு ஈத்0 என்ற பெயரை ஒதுக்கி வைத்திருப்பதால், புதிய அட்டை ஈத்1 ஆகிவிடும்.

கோப்பில் பெயரைத் திருத்தினால் தீர்ந்தது என்று தோன்றும். தீராத இடங்களும் உண்டு. ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் சேவை தன் மண்டலங்களை (விதித் தொகுப்புகளை) அட்டையின் பெயரோடு பிணைத்து வைத்திருக்கும். புதிய பெயர் எந்த மண்டலத்திலும் இல்லாததால் இயல்பு மண்டலத்துக்குப் போய்விடும். பிங் வரும், இணையதளம் வராது. ஐபி முகவரி ஒதுக்கும் டிஎச்சிபி சேவை, விபிஎன், கண்காணிப்பு நிரல் என்று அட்டைப் பெயரைத் தன் கோப்பில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் தேட வேண்டும். அமைவுக் கோப்புகள் இருக்கும் எட்க் அடைவு முழுவதிலும் பழைய பெயரைத் தேடும் ஒற்றைக் கட்டளை போதும். தொடக்கத்தில் அமைவைத் தானாக எழுதும் கிளவுட்-இனிட் இருக்கும் இயந்திரமாக இருந்தால், நீங்கள் திருத்தியதை அடுத்த தொடக்கத்தில் அது மறுபடி எழுதிவிடலாம். அதன் நெட்வொர்க் பகுதியை முதலில் முடக்குங்கள்.

நகர்த்தியதா, நகலெடுத்ததா என்ற கேள்வியை அலட்சியப்படுத்துவது

விஎம்வேரில் கோப்புகளை எடுத்துச் சென்று இயந்திரத்தை முதன்முறை இயக்கும்போது, அதை நகர்த்தினீர்களா நகலெடுத்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். நகலெடுத்ததாகச் சொன்னால் புதிய மேக் முகவரி உருவாகிவிடும். பழைய மேக் முகவரிக்கு டிஎச்சிபியில் ஒதுக்கிய ஐபி கிடைக்காது. மேக் முகவரியை வைத்து உரிமம் சரிபார்க்கும் மென்பொருள் மறுக்கும். போர்ட் பாதுகாப்பு போட்டிருக்கும் ஸ்விட்ச், தெரியாத முகவரி என்று பாக்கெட்டுகளை எறிந்துவிடும். ஒரு மேக் முகவரியின் தொடக்கத்தைப் பார்த்தே அது எங்கே பிறந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்: 00:50:56 என்றால் விஎம்வேர், 52:54:00 என்றால் கேவிஎம். இடமாற்றத்துக்கு முன்பே பழைய மேக் முகவரியைக் குறித்து வைத்து, புதிய இடத்தில் கையால் அதையே கொடுப்பது பல தலைவலிகளைத் தடுக்கும்.

நேர்மாறான தவறும் உண்டு. ஒரே மூலத்திலிருந்து பல நகல்கள் எடுக்கும்போது இயந்திரத்தின் அடையாள எண் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பும் சேர்ந்தே நகலாகிறது. சிஸ்டம்டியின் டிஎச்சிபி பகுதி தன் அடையாளத்தை அந்தக் கோப்பிலிருந்துதான் உருவாக்குகிறது. மேக் முகவரிகள் வேறுவேறாக இருந்தும் இரண்டு இயந்திரங்கள் ஒரே ஐபி முகவரியைப் பெறுவதைப் பார்த்துத் திகைத்தவர்கள் அங்கே பார்க்க வேண்டும்.

கேட்வேயின் நினைவை மறப்பது

ஓர் இரவை இதற்காக நான் கொடுத்திருக்கிறேன். ஓர் இயந்திரத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். மேக் முகவரி மாறியது. அதற்கு இரண்டு ஐபி முகவரிகள். முதன்மை முகவரி உடனே வேலை செய்தது. இணையதளம் இயங்கிய இரண்டாவது முகவரி, பக்கத்தில் இருந்த இயந்திரங்களுக்குப் பதில் சொன்னது, வெளி உலகத்துக்குச் சொல்லவில்லை. இணையதள அமைவைத் திருத்தினேன், ஃபயர்வாலைத் திருத்தினேன், இயந்திரத்தை இரண்டு முறை மறுதொடக்கம் செய்தேன். கடைசியில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டுப் பார்த்தபோது, வெளியிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை என்று தெரிந்தது. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். கேட்வேயின் ஏஆர்பி அட்டவணையைத் திறந்தால், முதன்மை முகவரிக்கு எதிரே புதிய மேக். இரண்டாவதற்கு எதிரே பழைய மேக்.

காரணம் எளியது. இயந்திரம் எழுந்ததும் கேட்வேயைத் தேடி ஏஆர்பி கேள்வி அனுப்புகிறது. அந்தக் கேள்வியில் அனுப்புநராக முதன்மை முகவரி போகிறது. கேட்வே அதைப் பார்த்துத் தன் பதிவைத் திருத்திக்கொள்கிறது. இரண்டாவது முகவரியின் பெயரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சிஸ்கோ ரூட்டர்களில் ஏஆர்பி பதிவின் இயல்பு ஆயுள் 4 மணி நேரம். பல இடங்களில் 'தானாகச் சரியாகிவிட்டது' என்று மறுநாள் காலையில் சொல்லப்படும் பழுது இதுவாகத்தான் இருக்கும். தீர்வு ஒரே வரி: ஆர்ப்பிங் கருவியால் அந்த முகவரியின் பெயரில் கேட்காமலே ஓர் ஏஆர்பி அறிவிப்பை அனுப்புவது. அனுப்பினேன். இணையதளம் அந்த நொடியே திறந்தது.

இயந்திரத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பது

பாக்கெட் எங்கே தொலைகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்க்கலாம். கேவிஎம் ஹோஸ்ட்டில், அதாவது மெய்நிகர் இயந்திரம் ஓடும் சர்வரில், மூன்று இடங்களில் டிசிபிடம்ப் ஓடவிடுங்கள்: இயந்திரத்துக்கான மெய்நிகர் போர்ட்டில், அதை அட்டையோடு இணைக்கும் பிரிட்ஜில், வெளியே போகும் உண்மையான அட்டையில். எந்த இடத்தில் தெரிந்து எந்த இடத்தில் தெரியவில்லையோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழுது.

உண்மையான அட்டையிலிருந்து வெளியே போகிறது, பதில் வரவில்லை என்றால், ஸ்விட்ச் போர்ட்டில் அந்த இயந்திரத்தின் விலான் (ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய சர்வரின் போர்ட், பல விலான்களைக் கடத்தும் டிரங்க்காக இருந்திருக்கும். புதியதற்கு யாரும் விலான் பட்டியலைக் கொடுத்திருக்க மாட்டார்கள். மெய்நிகர் போர்ட்டில் தெரிந்தது உண்மையான அட்டையில் தெரியவில்லை என்றால், அந்த ஹோஸ்ட்டில், கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டாக்கர், கடத்தும் போக்குவரத்துக்கான இயல்புக் கொள்கையை 'மறு' என்று மாற்றுகிறது. பிரிட்ஜ் வழியே போகும் பாக்கெட்டுகளும் ஐபிடேபிள்ஸைத் தொட்டுப் போகும்படி கெர்னல் அமைந்திருந்தால், மெய்நிகர் இயந்திரங்களின் போக்குவரத்து சத்தமில்லாமல் நின்றுபோகும். இயந்திரத்துக்குள் எத்தனை மணி நேரம் தேடினாலும் இது அகப்படாது.

அனுப்பும் பக்கத்தில் டிசிபிடம்ப் 'செக்சம் தவறு' (பாக்கெட்டின் சரிபார்ப்புக் கணக்கில் பிழை) என்று காட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம். அந்தக் கணக்கை அட்டை பிறகு போடும் என்று கெர்னல் விட்டுவைத்திருக்கும். பெரும்பாலும் அது பழுதே இல்லை.

பிங் வந்துவிட்டது என்று வேலையை முடிப்பது

சாதாரண பிங் பாக்கெட் மிகச் சிறியது. அது போய்வருவதால் பெரியதும் போய்வரும் என்று சொல்ல முடியாது. பிங் வருகிறது, எஸ்எஸ்எச் இணைப்பு தொடங்கி நடுவில் உறைகிறது, இணையப்பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியுவைச் சந்தேகியுங்கள். பழைய இடத்தில் 9000 என்று வைத்திருந்து புதிய ஸ்விட்ச் 1500-ஐத் தாண்டி ஏற்காமல் இருக்கலாம். புதிய இடத்தில், பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லான் இருந்தால் அதன் உறைக்கே 50 பைட்டுகள் போய்விடும். உள்ளே 1450-தான் மிஞ்சும். சோதிக்க, துண்டாக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளின் 28 பைட்டுகள் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போகாமல் 1422 போகிறது என்றால் விடை கையில் இருக்கிறது.

விண்டோஸ் இயந்திரங்களில் வேறு இரண்டு வழக்கங்கள். பழைய அட்டை கண்ணுக்குத் தெரியாத சாதனமாகத் தங்கி, அந்த ஐபி முகவரி வேறொரு அட்டைக்கு உரியது என்ற எச்சரிக்கை வரும். சாதன மேலாளரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் செய்து அதை நீக்குங்கள். புதிய அட்டையைப் பொது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு ஃபயர்வால் இறுகிவிடுவதும் உண்டு. கேவிஎம்முக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கேவிஎம்மின் மெய்நிகர் சாதனங்களுக்கான விர்ட்ஐஓ டிரைவரைப் பழைய இடத்திலேயே நிறுவிவிடுங்கள்.

பழைய இயந்திரத்தை அப்படியே விட்டுவைப்பது

பின்வாங்க வழி வேண்டும் என்று பழையதை அழிக்காமல் வைப்பது சரியான முடிவு. ஆனால் அந்தப் பழைய ஹோஸ்ட் என்றைக்கோ மறுதொடக்கமாகி, தானியங்கித் தொடக்கத்தில் இருக்கும் பழைய இயந்திரமும் விழித்தெழுந்தால், ஒரே ஐபி முகவரிக்கு இருவர். இணைப்பு சில நிமிடம் வரும், சில நிமிடம் அறும். சிலருக்குப் பழைய தரவு தெரியும், அவர்கள் அதிலேயே எழுதவும் செய்வார்கள். அணைத்து வைப்பதோடு நிறுத்தாமல், தானியங்கித் தொடக்கத்தை எடுத்துவிடுங்கள். அதன் அமைவில் நெட்வொர்க் அட்டையின் இணைப்பையும் துண்டித்து வையுங்கள். பிறகு எப்போதாவது அதை இயக்கிப் பார்க்க வேண்டி வந்தாலும் கன்சோல் வழியாகக் கோப்புகளைப் பார்க்கலாம், வெளியே ஒருவருக்கும் தொந்தரவு இருக்காது.