பழைய எலும்பில் கொலையாளியைத் தேடும் முன்

பல லட்சம் ஆண்டுப் பழைய எலும்பில் ஒரு கீறல் தெரிந்துவிட்டால் போதும், ஆதி மனிதன் கொலைகாரன் என்றோ நரமாமிசம் தின்றவன் என்றோ செய்தி வந்துவிடுகிறது. கீறலையும் முறிவையும் வைத்து நிறையவே சொல்ல முடியும். ஆனால் அதற்கு முன், வேறு எதெல்லாம் அந்தத் தடத்தைப் பதித்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அந்த வேலையில் அவசரப்பட்டுத்தான் பெரிய அறிஞர்கள்கூடச் சறுக்கியிருக்கிறார்கள்.

உடற்கூறியல் அறிஞர் ரேமண்ட் டார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற ஊரில் கிடைத்த, 'டாங் குழந்தை' எனப்படும் ஆதி மனித மூதாதையின் மண்டையோட்டை 1925-இல் உலகுக்கு அறிவித்தவர் அவர். அந்த இனத்துக்கு ஆஸ்ட்ரலோபித்தெகஸ் என்று பெயரிட்டார். பிறகு அதே நாட்டின் மகபான்ஸ்காட் குகையில் கிடைத்த 7,000-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளை ஆராய்ந்தார். மான் இனங்களின் முன்னங்கால் மேலெலும்பில் முழங்கைப் பக்கத்து முனைகள் ஏராளமாக இருந்தன. தோள் பக்கத்து முனைகள் அரிதாகவே இருந்தன. ஆஸ்ட்ரலோபித்தெகஸ் அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கதாயுதம்போலச் சுழற்றியது என்றார் டார்ட். நம் முன்னோர் ரத்தவெறி பிடித்த வேட்டைக்காரர்கள் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

தொல்லுயிர் ஆய்வாளர் பாப் பிரெய்ன் இதைச் சோதிக்க நமீபியாவின் குயிசெப் ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே ஊர்மக்கள் ஆட்டுக்கறி தின்றபின் எலும்பை நாய்களுக்கு வீசுவார்கள். நாய் தின்றது போக மிஞ்சியதைப் பொறுக்கி எண்ணினார். அதே கணக்குதான் வந்தது! தோள் முனை பஞ்சுபோன்றது, நாய் எளிதில் மென்றுவிடும். முழங்கை முனை கெட்டியானது, தப்பிவிடும். எதையும் யாரும் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. எண்ணிக்கை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் உடனே மனிதக் கையைத் தேடுவது தவறு. எந்த எலும்பு தாக்குப்பிடிக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதே பிரெய்ன், தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த, சிறுவயதில் இறந்த ஓர் ஆதி மனித மூதாதையின் மண்டையோட்டில் இருந்த இரு துளைகளுக்கு இடையே உள்ள தூரம் சிறுத்தையின் கீழ்க்கோரைப் பற்களின் இடைவெளியோடு பொருந்துவதைக் காட்டினார். டாங் குழந்தையின் கண்குழிச் சேதமும் கழுகு தின்ற குரங்குகளின் மண்டையோட்டில் காண்பதைப் போன்றது என்று 2006-இல் தெரிய வந்தது. வேட்டைக்காரர்கள் என்று நாம் நினைத்தவர்கள் இரையாக இருந்திருக்கிறார்கள். இந்தத் துறை கண்டுபிடித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

வெறும் கண்ணால் பார்த்து முடிவுகட்டுவது அடுத்த தவறு. கல் கத்தி விட்ட தடம் பெரும்பாலும் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஒடுங்கி இருக்கும், உள்ளே நுண்ணிய கோடுகள் ஓடும். பல் தடம் அகன்று, அடிப்பக்கம் வளைந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், மணலில் கிடக்கும் எலும்பை விலங்குகள் மிதித்தாலும் கத்திக் கீறலைப் போலவே தடம் விழும். எத்தியோப்பியாவின் டிகிக்காவில் சுமார் 34 லட்சம் ஆண்டுப் பழைய இரு எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருப்பதாக 2010-இல் அறிவித்தார்கள். மிதிபட்டது என்று சிலரும், முதலைப் பல் என்று சிலரும் மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம் கையையும் சந்தேகிக்க வேண்டும். பெல்ஜியத்தின் எங்கிஸ் என்ற இடத்தில் கிடைத்த, நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்துக் குழந்தையின் மண்டையோட்டுக் கீறல்கள், பின்னாளில் அதைச் சீராக்கி அளந்தவர்களின் கருவிகள் விட்டவை என்று தெரிந்தது.

முறிவுகளில் இன்னும் நிதானம் வேண்டும். பச்சைக் கம்பு முறிவதற்கும் காய்ந்த சுள்ளி ஒடிவதற்கும் உள்ள வித்தியாசம் எலும்பிலும் உண்டு. புது எலும்பு சுருள்வாக்கில் முறியும், ஓரம் வழுவழுவென்று இருக்கும். காய்ந்தது குறுக்கே ஒடிந்து சொரசொரப்பாக இருக்கும். ஆனால் கழுதைப்புலியும் புது எலும்பைத்தான் உடைக்கிறது. ஆறிய அடையாளம் இல்லாததால் அந்த அடிதான் உயிரைப் பறித்தது என்றும் சொல்லிவிட முடியாது, இறந்த சில நாளில்கூட அது முறிந்திருக்கலாம். எத்தியோப்பியாவில் கிடைத்த 'லூசி' என்ற புகழ்பெற்ற ஆஸ்ட்ரலோபித்தெகஸ் மரத்திலிருந்து விழுந்து இறந்தாள் என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னபோது, அவளைக் கண்டெடுத்த டொனால்ட் ஜொஹான்சனே ஏற்கவில்லை. மண்ணுக்குள் அழுந்திய மற்ற விலங்கு எலும்புகளிலும் அப்படிப்பட்ட விரிசல்கள் உண்டே!

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு, நைரோபி அருங்காட்சியகத்தில் ஆய்வாளர் பிரியானா பொபினர் பார்த்த, ஆதி மனித மூதாதை ஒருவரின் கால் எலும்பு ஒன்று போதும். வயது 14.5 லட்சம் ஆண்டு. விலங்குப் பல் தடங்களைத் தேடிப் போனவருக்கு வேறு கீறல்கள் கண்ணில் பட்டன. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பொருளால் அச்செடுத்து, இன்னதால் விழுந்தது என்று முன்பே தெரிந்த 898 தடங்களோடு ஒப்பிட்டார்கள். 11-இல் ஒன்பது கல் கருவியின் வெட்டு, இரண்டு சிங்கம் போன்ற பெரும்பூனையின் கடி. வெட்டுகள் எல்லாம் ஒரே வாக்கில், கெண்டைக்கால் தசை எலும்போடு ஒட்டும் இடத்தில். ஆகவே தசையை அறுத்தது உறுதி, தின்னத்தான் அறுத்திருப்பார்கள் என்பதும் நியாயமான ஊகம். 2023-இல் இதை வெளியிட்டபோதும் அது நரமாமிசம் என்று உறுதியாகச் சொல்லவில்லை. அறுத்தவரும் அறுபட்டவரும் ஒரே இனம் என்றால்தான் அந்தச் சொல் பொருந்தும். இந்த எலும்பு எந்த இனத்தாருடையது என்று தெரியாது. வெட்டும் கடியும் ஒன்றன்மேல் ஒன்று படியாததால், முதலில் வந்தது மனிதக் கையா பூனையா என்பதும் தெரியாது.