லாஞ்சில் கேஸ் அடுப்பு: கடல் காற்றை நம்பாதீர்கள்

காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குக் கிளம்பும் லாஞ்சு, அதாவது விசைப்படகு, திரும்பப் பல நாள் ஆகும். அதுவரை சோறு, குழம்பு, டீ எல்லாம் படகிலேயே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தவர்கள் குளிர்காய்வதும் அதே அடுப்பில்தான். 'நடுக்கடலில் காற்றுக்கா பஞ்சம், கேஸ் கசிந்தாலும் பறந்துவிடும்' என்று நினைப்பதில்தான் வம்பே தொடங்குகிறது.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். வீட்டில் கசிந்தால் வாசல் வழியே தரையோடு வெளியேற வாய்ப்பாவது உண்டு. படகோ தண்ணீர் புகாதபடி கட்டிய சட்டி. உள்ளே இறங்கிய கேஸ் வெளியேற வழியில்லை. மேல்தட்டில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தாலும், கீழே இஞ்சின் பக்கம் அது தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை காட்டிக்கொடுக்குமே என்றால், மீனும் டீசலும் நாறுகிற இடத்தில் மூக்கை எவ்வளவு நம்புவது?

ஆகவே சிலிண்டரை கேபினுக்குள் வைக்காதீர்கள். மேல்தட்டில் ஒரு பெட்டி, கசிவது படகுக்கு வெளியே போகும்படி அதன் அடியில் ஒரு துளை. சிலிண்டரை நிமிர்த்தி, ஆடாமல் கட்டவேண்டும். அலையில் சாய்ந்து படுத்துவிட்டால் குழாயில் திரவமே வந்து தீ எகிறும். வாடை தெரிந்தால் இஞ்சினையோ பம்பையோ போடாதீர்கள், ஒரு பொறி போதும். வால்வை மூடி, கதவு, மூடிகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது, குளிருக்காக அடுப்பை எரியவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று வருவதால் கடல் மயக்கம் என்றே படுத்துவிடுவார்கள். வருஷக்கணக்காகக் கடலுக்குப் போகிறவர் திடீரென்று வாந்தி எடுத்தால், அதுவும் கேபினில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால், முதலில் அடுப்பைச் சந்தேகப்பட்டு எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். கரி அடுப்பு இன்னும் மோசம், தணல் சாம்பல் பூத்த பிறகும் விஷவாயு வந்துகொண்டிருக்கும். நம் கடல் குளிருக்கு உலர்ந்த துணியும் ஒரு போர்வையும் தாராளம்.

எச்சரிக்கைக் கருவி வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். கேஸுக்கானது தரையோரம், கார்பன் மோனாக்சைடுக்கானது படுக்கும் இடத்தில் மூக்கு மட்டத்தில்.

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் கேஸ் தொல்லை இல்லையே என்கிறீர்களா? 2000 வாட் அடுப்பு 24 வோல்ட் பேட்டரியில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி இறங்கிவிட்டால் அப்புறம் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

கடைசியாக கேஸ் டியூப். வீட்டு டியூபையே 5 வருஷத்தில் மாற்றச் சொல்கிறார்கள். உப்புக்காற்றில் ரெகுலேட்டரும் கிளிப்பும் அதற்கு முன்பே துருவேறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வலைக்கும் பெயிண்டுக்கும் செலவு செய்யும்போதே இவற்றையும் மாற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.