பனியில் அணைந்த ஹீட்டர்

நார்வேயின் ரோரோஸ் பக்கம், மைனஸ் 20 டிகிரி. நள்ளிரவில் மோட்டார்ஹோமின் (வீடாக அமைத்த வண்டியின்) கேஸ் ஹீட்டர் அணைந்துவிட்டது. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே திரவம் தளும்புகிறது. அடுப்பிலோ சுடர் இல்லை.

காரணம், சிலிண்டரில் புரொப்பேனோடு கலந்திருக்கும் பியூட்டேன் என்ற எரிவாயு. பூஜ்ய டிகிரியை ஒட்டியே அது ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனின் கொதிநிலையோ மைனஸ் 42. கலவை சிலிண்டரில் புரொப்பேன் முதலில் தீர, பியூட்டேன் அடியில் தங்கிவிடுகிறது. விற்ற கடையில் இதைச் சொல்ல யாருக்கும் வாயில்லை.

முழுப் புரொப்பேன் சிலிண்டரை மாற்றியதும் ஹீட்டர் பற்றிக்கொண்டது. ஆனாலும் முன்கண்ணாடி வழியே சூடு ஓடியது. கனத்த வெப்பத் திரையை வெளிப்புறமாகப் போர்த்தினேன். உள்ளே மாட்டினால் கண்ணாடியில் நீர் கோத்து உறைந்து, விடிந்ததும் சுரண்டுவதே பிழைப்பாகிவிடும். காற்றுத் துவாரங்களை மட்டும் அடைக்கவில்லை. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் படுக்கையருகே இருக்கிறது.