சிப் பொய் சொன்னால் டிரைவர் என்ன செய்யும்?

மொட்டைமாடியில் மாட்டிய ஒரு ஐ2சி (இரண்டே கம்பியில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) சென்சாருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினேன். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. ஓர் இடிமழை இரவில் லினக்ஸின் மையமான கெர்னலே விழுந்தது. அந்த சிப் முதலில் "இத்தனை பைட் இருக்கிறது" என்று ஒரு பைட் அனுப்பும். டேட்டாஷீட்டில் உச்சவரம்பு 64, அதை வாங்கிவைக்கும் என் பஃபரும் 64. கரண்ட் தள்ளாடி சிப் நடுவழியில் ரீசெட் ஆனது. யாரும் பேசாதபோது லைனை 1-இல் நிறுத்தும் புல்-அப் ரெசிஸ்டர் இழுத்து, லைன் மேலேயே நின்றது. எட்டு பிட்டும் 1, அதாவது 255. அத்தனையையும் 64-க்குள் திணித்திருக்கிறேன்.

மேசைமேல் ஆயிரம் முறை ஓட்டினாலும் இது சிக்காது. சி நிரலை ஓட்டாமலேயே, வரக்கூடிய எல்லா மதிப்புகளுக்கும் சரிபார்க்கும் சிபிஎம்சி என்ற திறமூலக் கருவி டீ ஆறுவதற்குள் பிடித்தது. டேட்டா வாசிக்கும் ஃபங்ஷனை மட்டும் தனி சி கோப்பாகப் பிரித்தெடுங்கள். கெர்னல் ஹெடர்களை உள்ளே இழுத்தால் அன்று பொழுது போய்விடும். தேவையான நாலைந்து டைப்புகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சிப்பின் ரெஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷனுக்கு அறிவிப்பு மட்டும் போதும், உள்ளே ஒன்றும் எழுத வேண்டாம். அது எந்த மதிப்பையும் திருப்பலாம் என்று சிபிஎம்சி எடுத்துக்கொள்ளும். அரே எல்லைச் சோதனையோடு ஓட்டினால், எந்த மதிப்பில் எந்த வரி உடைகிறது என்று படிப்படியாகக் காட்டும். எனக்குக் காட்டியது 193.

படித்த மதிப்பு "64-க்கு மேல் வராது" என்று அங்கே ஓர் அஸ்யூம் (இப்படியே வைத்துக்கொள் என்று கருவிக்குச் சொல்லும் வரி) போடக் கை துடிக்கும். போடாதீர்கள், டேட்டாஷீட்டை நம்பித்தானே விழுந்தோம்! லூப்பை எத்தனை சுற்று விரித்துப் பார்க்க வேண்டும் என்ற அன்வைண்ட் எண்ணைக் கொடுக்கும்போது, அந்தச் சுற்றுகள் போதுமா என்று பார்க்கும் அன்வைண்டிங் அசர்ஷனும் இருக்கட்டும் (6-ஆம் பதிப்பிலிருந்து தானாகவே இருக்கும், பழையதில் நீங்கள் சேர்க்க வேண்டும்). இல்லையென்றால் பத்துச் சுற்று மட்டும் பார்த்துவிட்டு "வெற்றி" என்று சொல்லிவிடும்.

மற்ற பிழைகளுக்கு கெர்னலிலேயே கருவிகள் உண்டு. லாக் வரிசைப் பிழைக்கு லாக்டெப், விடுவித்த மெமரியைத் தொடும் பிழைக்கு கேசன்: இரண்டையும் சோதனைக் கெர்னலில் இயக்கி வைத்தால் போதும். புரோபின் (சாதனம் கிடைத்ததும் டிரைவரைத் தொடங்கும் ஃபங்ஷன்) பிழைப்பாதைக்கு, மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கவைக்கும் ஃபெயில்ஸ்லாப். அதில் 'இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்'டை 'என்' ஆக்க மறந்தால், தூங்கக்கூடிய மெமரி ஒதுக்கீடுகளைத் தொடவே தொடாது. புரோபில் இருப்பதோ பெரும்பாலும் அவைதான். அதை மறந்துவிட்டு ஒரு மாலை முழுக்க "எவ்வளவு உறுதியான டிரைவர்" என்று மகிழ்ந்திருந்தேன்.

அந்த 255-க்குத் திருத்தம் என்னவோ ஒரே இஃப்: 64-ஐத் தாண்டினால் பிழைக்குறியோடு திரும்பு. அதைப் போட்டு சிபிஎம்சியில் தேறியதும், அந்த இஃப்பை நீக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் "வெற்றி" வந்தால், உங்கள் சோதனை அந்த வரிப்பக்கம் போகவே இல்லை.