28 கிராம் சிட்ரா, பத்து பாட்டில் பீர்

நுரை கூடி வரும்போதே ரசத்தை இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் வாசம் போய்விடும் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அதை மறந்துவிட்டுத்தான் என் முதல் பீரைக் காய்ச்சினேன். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவில் சிட்ரா என்று ஒரு வகை. பாக்கெட்டைப் பிரித்தாலே மாம்பழமும் எலுமிச்சையும் அறை முழுவதும் மணக்கும். அதைக் கொதி வந்ததும் மொத்தமாகக் கொட்டி, ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். சமையலறை மணத்தது, மாடிப்படி மணத்தது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சமையல் என்று விசாரித்தார். ஒரு மாதம் கழித்துப் பாட்டிலைத் திறந்தபோது கிடைத்தது நிலவேம்புக் கஷாயம். மணம் காய்ச்சிய அன்றைக்கே ஜன்னல் வழியாகப் போய்விட்டிருந்தது.

அந்தத் தவற்றை நீங்களும் செய்யாமல் இருக்கத்தான் இந்தச் செய்முறை. ஒரே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஒரே ஹாப், வீட்டு அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம். இவ்வளவு போதும்.

தொடங்குமுன் சட்டம். நான் இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில். இங்கே சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதே வேலை மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

சிட்ராவுக்கு என்ன சிறப்பு?

ஹாப் என்பது கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்புப் பூ. அமெரிக்க ஹாப்பில் பெரும்பகுதி எங்கள் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அந்தப் பக்கம் காரில் போனால், ஐந்தரை மீட்டர் உயரப் பந்தல்களில் கொடிகள் தொங்குவதைப் பார்க்கலாம். கண்ணாடியை இறக்கினால் போதும், அறுவடை நடப்பதை மூக்கே சொல்லிவிடும். சிட்ரா இனக்கலப்பால் உருவாக்கப்பட்ட வகை, 2007இல் சந்தைக்கு வந்தது. ஜெர்மனியின் அடக்கமான ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ இதன் முன்னோர்களில் ஒன்று என்றால் நம்புவது கடினம். பேரப்பிள்ளை அவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஹாப்பில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று ஆல்ஃபா அமிலம். நீண்ட நேரம் கொதித்தால் அது வடிவம் மாறிக் கசப்பைத் தரும். சிட்ராவில் அது 11 முதல் 15 சதவீதம் வரை இருப்பதால் துளி போட்டாலே கசக்கும். மற்றொன்று நறுமண எண்ணெய். இதில் மிர்சீன், லினலூல், ஜெரானியால் என்று பல உண்டு. கொத்தமல்லி விதையை வறுக்கும்போது மணக்கிறதே, அந்த லினலூல்தான் இங்கேயும். இந்த எண்ணெய்கள் நீராவியோடு ஏறிப் பறந்துவிடும். ஆக, கசப்புக்கு நேரம் வேண்டும், மணத்துக்கு நேரம் ஆகாது. 28 கிராம் பாக்கெட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம்: கொதிக்கு 2 கிராம், அடுப்பை அணைத்த பிறகு 12, நொதித்து முடியும் தறுவாயில் 14.

சிலருக்கு மட்டும் சிட்ராவில் பூனை மூத்திர வாடை வரும். கேலி இல்லை. அதிலுள்ள ஒரு கந்தகச் சேர்மம் மிகக் குறைந்த அளவில் பிளாக்கரன்ட் பழம் போலவும், கூடினால் பூனை போலவும் மணக்கும். உங்கள் மூக்கு அப்படிப்பட்டதா என்று பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டே காய்ச்சுங்கள்.

வேண்டியவை

உடைத்த வெளிர் பார்லி மால்ட் 1 கிலோ. கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லுங்கள், மாவாக அரைத்துவிடக் கூடாது. சிட்ரா வில்லைகள் 28 கிராம். உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். நான் போடுவது சேஃப்ஏல் யுஎஸ்-05. 11.5 கிராம் பாக்கெட் இருபது லிட்டருக்கானது என்பதால் பாதியே தாராளம். தண்ணீர் 7 லிட்டர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மால்ட்டோடு சேர்ந்து மருந்து பிளாஸ்திரி நாற்றம் தரும், எனவே கடையில் விற்கும் ஊற்றுநீர் வாங்கிவிடுங்கள். சர்க்கரை கொஞ்சம்.

பாத்திரங்களில் 12 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்று, மால்ட் கட்ட மெல்லிய வலைப்பை, வெப்பமானி, அடர்த்திமானி, ஒரு கிராம் வரை காட்டும் தராசு, மூடியும் காற்றுப்பூட்டும் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) உள்ள 7 அல்லது 8 லிட்டர் உணவுத் தர வாளி, சைஃபன் குழாய், பழுப்புப் பாட்டில்கள், மூடி பதிக்கும் கருவி. பச்சை, வெள்ளைப் பாட்டில்கள் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமடிக்கும்.

கொதித்து ஆறிய பிறகு பீரைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநாசினிக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். ஸ்டார் சான் என்றால் லிட்டருக்கு ஒன்றரை மில்லி. அலச வேண்டாம், அதன் நுரை இருந்தாலும் கெடுதல் இல்லை. கெட்டுப்போகும் முதல் பீர்களில் பாதி இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்தவர்களுடையது என்பது என் சந்தேகம்.

மால்ட்டை ஊறவைத்தல்

7 லிட்டர் தண்ணீரை 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். வலைப்பையைப் பாத்திரத்துக்குள் விரித்து, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். உப்புமாவுக்கு ரவை போடுகிற பக்குவம்தான், கட்டி தட்டக் கூடாது. வெப்பம் 67க்கு இறங்கி நிற்கும். மூடி, பழைய துண்டுகளால் போர்த்தி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பார்லி முளைத்தபோது உண்டான நொதிகள் இந்தச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். 75ஐத் தாண்டினால் நொதி செத்துவிடும். 60க்குக் கீழே போனால் வேலை மந்தமாகும். இரண்டு டிகிரி முன்பின் ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பிறகு பையைத் தூக்கி வடியவிட்டுப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்று பலர் பயமுறுத்துவார்கள். நான் ஒவ்வொரு முறையும் பிழிகிறேன், துவர்த்ததில்லை. மிஞ்சுவது வோர்ட் என்ற இனிப்புத் திரவம். ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். ஹார்லிக்ஸ் நினைவுக்கு வரும், அதுவும் மால்ட்தானே.

கொதியும் அதற்குப் பிறகும்

மூடி போடாமல் கொதிக்கவிடுங்கள். முதல் கொதியில் பால் போலப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பொங்கல் அடங்கியதும் 2 கிராம் சிட்ரா. அவ்வளவுதானா என்று தோன்றும். கை அரிக்கும். அவ்வளவுதான். 60 நிமிடம் கொதித்தால் அடித்தளக் கசப்புக்கு அது போதும்.

அடுப்பை அணையுங்கள். உடனே அடுத்த ஹாப்பைப் போடாதீர்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் சில நிமிடம் வைத்து 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது 12 கிராம். ஒரு சுற்றுக் கிளறி, மூடி போட்டு 20 நிமிடம். இந்தச் சூட்டில் எண்ணெய் கரையும், ஆனால் ஓடிவிடாது. கசப்பும் ஓரளவு ஏறும், அதற்காகத்தான் கொதியில் அவ்வளவு கஞ்சத்தனம். ரசத்தை இறக்கி வைத்துக் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு மூடுகிறோமே, அந்த நிமிடம் இது.

பிறகு தொட்டியில் பனிக்கட்டியைக் கொட்டிப் பாத்திரத்தை 20 டிகிரிக்குக் குளிரவையுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். இங்கிருந்துதான் கிருமி பயம் தொடங்குகிறது.

நொதிக்க வைத்தல்

ஆறிய வோர்ட்டை உயரத்திலிருந்து, டீ ஆற்றுவதைப் போலச் சலசலவென்று வாளியில் ஊற்றுங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். பீருக்குக் காற்று நல்லது செய்யும் ஒரே தருணம் இது. இதற்குப் பிறகு காற்று எதிரி. நாலு லிட்டர் சொச்சம் தேறும். கொஞ்சம் எடுத்து அடர்த்திமானியில் பாருங்கள், 1.045 முதல் 1.050 வரை இருந்தால் சரி (வெறும் தண்ணீர் 1.000). குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டை மேலே தூவி, மூடி, காற்றுப்பூட்டில் கிருமிநாசினி ஊற்றி, வீட்டின் இருட்டு மூலையில் 18 முதல் 20 டிகிரியில் வையுங்கள். வெயில் காலத்தில் வாளியை ஈரத் துண்டால் சுற்றி வைப்பேன். 24 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட்டின் பழ வாசம் சிட்ராவின் பழ வாசத்தோடு சண்டை போடும்.

மறுநாள் காற்றுப்பூட்டு குமிழிடத் தொடங்கும். திறந்து பார்க்காதீர்கள்.

மூன்றாவது பங்கு

ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் குமிழ் தளர்ந்து, அடர்த்தி 1.014 அளவுக்கு வந்திருக்கும். மூடியைச் சற்றே தூக்கி, மீதி 14 கிராமையும் உள்ளே போட்டு மூடிவிடுங்கள். முழுக்க அடங்கும் வரை காத்திருக்காததற்குக் காரணம் உண்டு: மூடியைத் திறந்தபோது நுழைந்த காற்றை இன்னும் விழித்திருக்கும் ஈஸ்ட் தின்றுவிடும். ஜெரானியாலைச் சிட்ரோனெல்லாலாக மாற்றி எலுமிச்சை மணத்தைக் கூட்டுவதும் அதே ஈஸ்ட்தான். வாடிக்கையாக நான் விடுவது ஐந்தாறு நாள். வாரக்கணக்கில் விட்டால் புல் வாடை ஏறும்.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹாப்பிலும் சிறிது நொதி உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாது என்று ஒதுக்கிய பெரிய சர்க்கரைகளை அது உடைத்துக் கொடுக்க, அடங்கிய நொதித்தல் மறுபடி கிளம்பும். ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893இலேயே இதை எழுதிவைத்தார்கள். பிறகு உலகம் வசதியாக மறந்துபோய், ஹாப்பை அள்ளிக் கொட்டும் இந்தக் காலத்தில்தான் மீண்டும் நினைவுகூர்ந்தது. அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் உள்ளே வாயு கூடிப் பாட்டில் வெடிக்கும். எனவே ஹாப் போட்டு மூன்று நாள் ஆனதும் அடர்த்தியைப் பாருங்கள், இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள். 1.010 பக்கம் வந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடுத்த கட்டம். அப்போது மது அளவு ஏறக்குறைய 5 சதவீதம்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஹாப் நாய்க்கு நஞ்சு, உயிரே போகலாம். பாத்திரத்திலும் வாளியிலும் மிஞ்சும் சக்கையைத் தோட்டத்தில் போடாதீர்கள். கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

பாட்டிலில் அடைத்தல்

வாளியை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் ஹாப் தூள் அடியில் படியும். பீர் மூன்றரை லிட்டர் அளவுக்குத் தேறும். லிட்டருக்கு 6 கிராம் என்று 21 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான மற்றொரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். பீரைச் சைஃபன் வழியாக அதன்மேல் இறக்குங்கள். குழாயின் நுனி அடியில் தொட்டிருக்க வேண்டும், சலசலப்பே கேட்கக் கூடாது. டீ ஆற்றிய கைக்கு இது கஷ்டம்தான். மெல்ல ஒருமுறை கலக்கி, 355 மில்லி பாட்டில்களில் கழுத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி மூடி பதியுங்கள். ஒன்பது அல்லது பத்து வரும்.

இரண்டு வாரம் அறை வெப்பத்தில், ஒரு மூடிய அட்டைப்பெட்டிக்குள். பிறகு குளிர்பெட்டி. ஊற்றும்போது அடியில் படிந்த ஈஸ்ட்டைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். பாட்டிலோடு வாய் வைத்துக் குடித்தால் இவ்வளவு பாடும் வீண். வாய் அகன்ற கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, முதலில் முகருங்கள்.

இரண்டு மாதத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள். இது வைத்து முதிரும் சரக்கு அல்ல. ஆனால் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் ஒளித்து வைத்து, ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். பொன்னிறம் பழுப்பேறியிருக்கும், மாம்பழம் இருந்த இடத்தில் நனைந்த அட்டையின் வாடை இருக்கும். அடுத்த முறை சைஃபன் பிடிக்கும்போது கை தானாகவே பதமாக நடக்கும்.